ஒன்பது பேரும் ஒரு கல்லும்

மே சோட்
செவ்வாய்க்கிழமை, பிற்பகல்

அன்புள்ள துஸாவுக்கு,

வயிற்றில் இருக்கிற பிள்ளையையும் ஒரு ஆள் என்று எண்ண வேண்டுமா, வேண்டாமா என்று இன்று காலை போனில் கேட்டாய். எனக்குத் தெரியாது. இருபது வருடம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவள் நான். ஊறவைத்த பயறைப் பிளந்து உள்ளே மடங்கிக் கிடக்கும் இலையையும் வேரையும் எத்தனையோ பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன், இது விதையா செடியா என்று எவனாவது கேட்டால் அடுத்த வகுப்பில் பார்க்கலாம் என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். அந்த அடுத்த வகுப்பு இன்று வரை வரவில்லை. அதனால் உன் கேள்வியை அப்படியே வைத்துவிட்டு நலம் விசாரிக்கிறேன். நான் இங்கே சுகம், முழங்கால் மட்டும் மழை வருவதை எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, முதுகு நோகாமல் இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன். மதியம் மறுபடி அழைத்து உன்னிடம் "கல்லோட கிளம்பிட்டாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன், அதற்கு மேல் பேசினால் குரல் என்னவாகும் என்று எனக்கு நிச்சயமில்லை. எழுதுவது எனக்கு எப்போதும் சுலபம். வியாழக்கிழமை நிலார் ஓசாகாவுக்குப் புறப்படுகிறாள், பொட்டலத்தோடு இதையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

உன் அண்ணன் துன் லின் எதற்காக இத்தனை நாள் எல்லை ஆற்றின் அக்கரையிலேயே இருந்தான் என்று நீயும் நானும் பேசிப் பேசிச் சலித்துவிட்டோம், இனி அந்தப் பேச்சு வேண்டாம். அவன் பெண்டாட்டி லேமூவின் பெற்றோருடைய நெல்வயல், அவனுடைய பம்பு ரிப்பேர் கடை, எல்லாம் சரியாகிவிடும் என்ற அவன் நம்பிக்கை, மூன்றில் வயலைத் தவிர எதுவும் மிச்சமில்லை, வயலிலும் யாரும் இறங்க முடியாது. போன வருடம் ஊர் முழுக்கப் பதுங்குகுழியில் இருந்த வாரத்தில் லேமூவுக்கு ஏழாம் மாதத்தில் என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். மருத்துவச்சிகூட வந்து சேரவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பெயரும் வைக்கவில்லை, அதைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இப்போது இவளுக்கு எட்டாம் மாதம் பாதி தாண்டிவிட்டது. மறுபடியும் விமானம் சுற்றுகிறது, சாலைப் பக்கம் ராணுவம் இறங்கிவருகிறது என்று கேள்வி. போன மாதம் துன் லின் அழைத்து, "அம்மா, எங்களை எப்படியாவது கூட்டிக்கோங்க, இந்தத் தடவை அவளுக்கு ஆஸ்பத்திரி வேணும்" என்றான். அவன் என்னிடம் எதையாவது கேட்டு எத்தனை வருடம் ஆகிறது. நான் சரி என்று சொன்னேன். எப்படி என்று எனக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்த வீட்டில் ஒரு கரண்டி உப்புக் கேட்கக் கூசுகிறவள் உன் அம்மா. அப்படிப்பட்டவள் மே சோட்டில் ஏறி இறங்காத படி இல்லை. மடத்துக்குப் போனேன், சர்ச்சுக்குப் போனேன், இரண்டு உதவி நிறுவனங்களில் காத்திருந்தேன், எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள், தேநீர் கொடுத்தார்கள், ஆற்றுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் எல்லாம் செய்கிறோம் என்றார்கள். இந்தப் பக்கம் வருவதுதானே விஷயம். பிரசவ மருத்துவமனையில் மட்டும் ஒரு தாதி லேமூவின் பெயரை அப்போதே எழுதிக்கொண்டு, "நடந்து வந்தாலும் சரி, தூக்கிட்டு வந்தாலும் சரி, நேரா இங்க வரச் சொல்லுங்க" என்றாள். அன்று மாலை வீட்டுக்காரம்மா டோ சினோன் மோஹிங்கா மீன்சாறு காய்ச்சிய அண்டாவைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்து, டீச்சரம்மா ஏன் நாலு நாளாகச் செருப்புத் தேய நடக்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். மூன்று வருடமாக அவளுடைய பின்கட்டில் குடியிருக்கிறேன், எனக்கு அக்கரையில் ஒரு மகன் இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். "நல்லா இருக்கு போங்க. இப்படி வாயே திறக்காம நின்னா உங்களுக்கு மோஹிங்காகூட யாரும் ஊத்த மாட்டாங்க, இதுல மகனை எப்படிக் கூட்டிட்டு வருவீங்க? என் சின்னம்மா மகன் ஊ பாசோ படகுதான ஓட்டறான், முதல் நாளே என்கிட்ட சொல்லியிருந்தா இந்நேரம் மருமக இந்தத் திண்டுல உக்காந்து வெங்காயம் உரிச்சிட்டிருப்பா" என்றாள். நான் படித்த படிப்புக்கு அன்று ஒரு கிண்ணம் மோஹிங்கா கிடைத்தது, அதுவும் ஓசியில்.

ஊ பாசோ ஐம்பது தாண்டியவர், அதிகம் பேசாதவர், அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது. ஏற்பாடு இதுதான். இன்று காலை அவர்களைக் கூட்டிக்கொண்டு ஊரிலிருந்து காட்டுவழியாக நடப்பது, நடுவில் ஒரு மடத்தில் தங்குவது, நாளைக் காலை மோய் ஆற்றைப் படகில் கடப்பது. நாளைக்கு விட்டால், மேலே மழை கொட்டுவதால், வெள்ளம் வடியும்வரை ஆற்றில் இறங்க முடியாது. அதற்குள் ராணுவம் அந்த வழியை அடைத்துவிடும். அவர்களோடு ஊர்ப் பள்ளி ஹெட்மாஸ்டரும் அவர் மனைவியும் வருகிறார்கள், ஒரு தையல்காரியும் அவளுடைய இரண்டு பெண்களும் வருகிறார்கள். நம் வீட்டில் துன் லின், லேமூ, அவர்கள் மகன் குட்டி போலோன். கூட ஊ பாசோ. நீ இந்நேரம் விரலை மடக்கிப் பார்த்திருப்பாய். ஒன்பது.

ஒன்பது பேர் சேர்ந்து பயணம் கிளம்பினால் ஒருவர் குறைந்துதான் போய்ச் சேர்வார்கள், அதனால் பத்தாவது ஆளாக ஒரு கல்லைக் கூட ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதில் உன் அப்பா எவ்வளவு கண்டிப்பாக இருந்தார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். கல்யாணமான புதிதில் பகோடாவுக்கு வேனில் போனோம், ஒன்பது பேர். அவர் இறங்கிப்போய் ஒரு கல்லைப் பொறுக்கிவந்து, இடமில்லை என்று என் மடியில் வைத்தார். புதுப்பெண் நான், பட்டு லுங்கியில் மண். வழியில் தேநீர்க் கடையில் அந்தக் கல்லுக்கும் ஒரு கோப்பை வாங்கிவைத்துவிட்டு, அது குடிக்காததால் தானே குடித்தார். அவர் மகன்தானே இவன். பம்பு எப்படி ஓடுகிறது என்று கழற்றிக் காட்டுவான், கல் எப்படிப் பயணியாகிறது என்று மட்டும் கேட்க மாட்டான். நான் பெற்றதில் ஒன்றுகூட என்னைப் போல வரவில்லை, நீயும் செவ்வாய்க்கிழமை தலை குளிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

காலையில் மூட்டையெல்லாம் தோளில் ஏற்றிய பிறகு ஊ பாசோ தலையை எண்ணியிருக்கிறார். எண்ணிவிட்டு, ஒரு கல் எடுங்கள் என்றிருக்கிறார். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். உன் அண்ணன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "கல்லு எதுக்கு மாமா, என் பொண்டாட்டி ஒத்த ஆள் இல்லையே, நாம பத்துப் பேர்" என்றானாம், ஏதோ பெரிய கணக்கைக் கண்டுபிடித்தவன் மாதிரி. ஊ பாசோ தலையை ஆட்டி, "மண்ணுல கால் வைக்காதது பயணி ஆகாது தம்பி, அது இன்னும் மூட்டைதான்" என்றிருக்கிறார். அவ்வளவுதான். லேமூ தோளில் இருந்த பையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் வீட்டில் சர்ச்சுக்குப் போகிறவர்கள், ஒன்பதும் பத்தும் அவளுக்கு ஒன்றுதான், நேற்றுவரை துன் லினை இதற்கெல்லாம் கேலி செய்துகொண்டிருந்தவள். "மூட்டையா? அப்போ இத்தனை நாளா என்னை உள்ளேருந்து உதைக்கிறது யாரு, மூட்டையா?" என்று கேட்டிருக்கிறாள். என் பிள்ளை ஆள் இல்லை என்று ஒரு கல்லைத் தூக்கிவந்தால் நான் ஒரு அடி நகர மாட்டேன் என்றுவிட்டாள்.

ஹெட்மாஸ்டர் சமாதானம் செய்யப் போய் இன்னும் கெடுத்தார். குழந்தையை அரை ஆளாக வைத்துக்கொண்டால் ஒன்பதரை, ஒன்பதரை என்பது ஒன்பது இல்லையே என்று ஆரம்பித்தாராம். தையல்காரி, "ஐயா, அந்த அரையை நீங்க ஒரு ராத்திரி சுமந்து பாருங்க" என்று சொன்னதும் அவர் மனைவியே சிரித்துவிட்டாள். ஊ பாசோ மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய அண்ணன் ஒன்பது பேரில் ஒருவராக இதே ஆற்றில் இறங்கியவராம், அவரைத் தவிர எட்டுப் பேர்தான் கரையேறினார்கள் என்றார். கல் இல்லாமல் நான் வர மாட்டேன், கோபம் இருந்தால் இருக்கட்டும் என்று அவரும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இப்படி வெயில் ஏறும்வரை ஒன்பது பேரும் நின்றிருக்கிறார்கள், தூரத்தில் ஒரு விமானத்தின் ஒலி கேட்டு எல்லோரும் மூங்கில் புதருக்குள் போய் அங்கேயும் சண்டையைத் தொடர்ந்திருக்கிறார்கள். கடைசியில் ஹெட்மாஸ்டர்தான், துன் லினுடைய அம்மா படித்தவர், அவரைக் கேட்போம், அவர் சொல்வதற்கு இரண்டு பேரும் கட்டுப்பட வேண்டும் என்றிருக்கிறார். அந்த இடைவெளியில்தான் உன் அண்ணன் உனக்கும் செய்தி அனுப்பியிருக்கிறான்.

ஊருக்குப் பின்னால் இருக்கும் பாறைமேல் ஏறினால்தான் தாய்லாந்து சிக்னல் கிடைக்கும் என்று உனக்குத் தெரியும். லேமூவால் ஏற முடியாது, அவள் கீழே. துன் லினும் ஊ பாசோவும் மேலே. போனை எடுத்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒருவர் பேசுங்கள் என்றேன், இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள். பிறகு கீழேயிருந்து லேமூவின் குரல் வந்தது. "அத்தை, நீங்க என்ன வேணா சொல்லுங்க, ஆனா போன வருஷம் எண்ணாம விட்ட மாதிரி இதையும் விடச் சொல்லாதீங்க." போனை அவளிடம் கொண்டுபோகத் தேவைப்படவில்லை, அவள் குரல் பாறைமேல் ஏறி எனக்குத் தெளிவாகக் கேட்டது. துஸா, நான் சமையல்கட்டில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். டோ சினோன் பக்கத்தில் கரண்டியோடு நின்றாள். அந்த மனிதருக்கு அவருடைய அண்ணன் இருக்கிறார், இவளுக்கு அந்தப் பெயரில்லாத பிள்ளை இருக்கிறது, இரண்டில் எதையும் தவறு என்று சொல்ல எனக்கு எந்தப் புத்தகத்திலும் இடமில்லை. குழந்தை ஆளா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொன்னால் அங்கே ஒருவர் உட்கார்ந்தே இருப்பார், ஆறு ஏறிக்கொண்டிருக்கும்.

அதனால் கேட்காத ஒன்றைச் சொன்னேன். "கல் எடுங்க. ஆனா அது குழந்தைக்குப் பதிலா இல்ல. எனக்குப் பதிலா. நானும் வர்றேன்னு வச்சுக்கோங்க, என் குடும்பத்தை நான்தான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றேன். ஊ பாசோவுக்குப் பத்தாவது ஆள் கிடைத்துவிட்டது. குழந்தையின் இடத்தை யாரும் எடுக்கவில்லை, அவரவர் எப்படி எண்ணினாலும் ஒன்பது வராது. பிறகு ஊ பாசோ, "டீச்சரம்மா வர்றதா இருந்தா எனக்கு ஆட்சேபம் இல்ல" என்று அதைக் கீழே கத்திச் சொன்னார். லேமூ யோசித்துவிட்டு, "அத்தை வர்றாங்கன்னா சரி, மாமியாரை வேண்டாம்னு சொல்ல முடியுமா? ஆனா நான் சுமக்க மாட்டேன். அவங்க மகன் சுமக்கட்டும்" என்றாள். மேலே உன் அண்ணன் சிரித்த சிரிப்பு எனக்குக் கேட்டது. எத்தனை நாள் ஆகிறது அதைக் கேட்டு.

என்னைத் தேர்ந்தெடுத்தது போலோனாம். ஓடைக்கரையில் ஒரு பனைவெல்லக் கட்டி அளவுக்குச் சாம்பல் நிறக் கல், ஒரு பக்கம் தட்டை. துன் லின் இன்னொரு வழவழப்பான கல்லைக் காட்டியதற்கு, "அது பாட்டி இல்ல, இதுதான் பாட்டி, பேசாம இருக்கு பாரு" என்றிருக்கிறான். மூன்று வயதுப் பிள்ளை, என்னைப் போன் திரையில் மட்டும் பார்த்தவன், எப்படித்தான் கண்டுபிடித்தானோ. மதியம் துன் லின் மறுபடி பாறையேறி இதையெல்லாம் என்னிடம் சொன்ன பிறகு கிளம்பிவிட்டார்கள். இனி நாளைக் காலைவரை சிக்னல் இல்லை.

இந்த மத்தியானத்தை எப்படித் தள்ளுவது என்று தெரியாமல் உனக்குப் பொட்டலம் கட்டிவிட்டேன். ஊறுதேயிலை இரண்டு டப்பா, ஒன்று உனக்கு, ஒன்று உன் அறைத்தோழிகளுக்கு, இரண்டையும் நீயே தின்றுவிடாதே. வறுத்த பயறு தனியாக இருக்கிறது, நமுத்துப்போகாமல் மூடி வை. முகத்தில் அரைத்துப் பூச தனாக்கா கட்டை சின்னதுதான் கிடைத்தது. முதியோர் இல்லத்தில் பெரியவர்களைத் தூக்கும்போது முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு, என் முழங்காலைப் பார்த்துப் பாடம் படி. அந்தத் தொண்ணூறு வயதுப் பாட்டி உன்னைத் தன் தங்கை என்று நினைத்துத் திட்டுகிறாள் என்றாயே, பதில் பேசாமல் தங்கையாகவே இருந்துவிடு, யாருக்கும் நஷ்டமில்லை. இதை நேற்று எழுதியிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். கிண்ண நூடுல்ஸைக் குறை. முடிக்கு அந்தச் செம்பட்டை நிறம் பூசிய படத்தைப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை.

நீ எடுத்த வேலை கைகூடி, நோய் நொடியில்லாமல், நல்லவர்கள் நடுவில் நீ இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசி. நிலாருக்கு ஊர் புதிது, விமான நிலையத்துக்கு நீயே போ, வேறு யாரையும் அனுப்பாதே.

அன்புடன்,
உன் அம்மா

புதன்கிழமை, மாலை

பொட்டலத்தைத் தைக்கவில்லை, அதனால் இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

வெளிச்சம் வந்ததும் நானும் டோ சினோனும் ஆற்றங்கரைக்குப் போனோம். அவள் ஒரு அண்டா மோஹிங்காவைப் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் ஏற்றிவந்துவிட்டாள், ஊர்வலம் மாதிரி இருந்தது, எனக்கு வெட்கமாக இருந்தது. தண்ணீர் காவி நிறத்தில் போய்க்கொண்டிருந்தது, முழுமுழு மரம் மிதந்து வந்தது. அவள் வழக்கம்போல யாரைப் பற்றியோ பேசிக்கொண்டே இருந்தாள், பிறகு படகு தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நடு ஆற்றில் எஞ்சின் சத்தம் நின்றது. படகு பக்கவாட்டில் திரும்பிக் கீழே இழுபட்டது. நான் எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது. துன் லின் பின்பக்கம் போய்க் குனிந்தது தெரிந்தது, பம்பு ரிப்பேர்க்காரனாக இருந்ததற்கு ஒரு நாளாவது பயன் வேண்டாமா. மறுபடியும் சத்தம் வந்தது. கொஞ்சம் கீழே தள்ளி, நாணல் பக்கம் ஒதுங்கினார்கள். நாங்கள் அண்டாவை அங்கேயே விட்டுவிட்டு ஓடினோம், முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். லேமூவை நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கால் வீங்கியிருக்கிறது, ரத்தம் குறைவு, மற்றபடி குழந்தையின் இதயம் நன்றாக அடிக்கிறது, அதே தாதி எனக்கும் கேட்க வைத்தாள். பிரசவம்வரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். உன் அண்ணன் இளைத்துக் கறுத்துவிட்டான், மூன்று கிண்ணம் மோஹிங்கா சாப்பிட்டான், டோ சினோன் நான்காவதை ஊற்றிக்கொண்டே, "இவனைப் போயா மூணு வருஷம் ஒளிச்சு வச்சிருந்தீங்க" என்று என்னைக் கேட்டாள். போலோன் என்னைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். பிறகு தன் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் எனக்கும் ஒரு வாய் அதற்கும் கொடுத்தான். நேற்று ராத்திரி மடத்தில் அதற்குத் தலையணை வைத்தானாம்.

உன் கேள்விக்காக ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஊ பாசோ ஆட்களை ஏற்றும்போது எண்ணுகிற மாதிரி இறக்கும்போதும் எண்ணுவார், அது அவர் வழக்கம். கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக்கொண்டு, தன்னை ஒன்று என்று தொடங்கி, ஒவ்வொருவர் தோளையும் தொட்டு இறக்கினார். கடைசியாக லேமூவைக் கைதாங்கி இறக்கியபோது ஒன்பது என்றார். படகுக்குள் குனிந்து கல்லை எடுத்து என் கையில் வைத்து, "டீச்சரம்மா, பத்து" என்றார். கல் சூடாக இருந்தது, யாரோ மடியில் வைத்திருந்திருக்கிறார்கள், யார் என்று நான் கேட்கவில்லை, லேமூவின் லுங்கியில் மண் இருந்தது. பிறகு அவர் படகைத் தள்ளத் திரும்பியவர் நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நடு ஆத்துல எஞ்சின் நின்னப்போ, பதினோரு பேரை வச்சிட்டு நிக்கறோமேன்னுதான் எனக்குத் தோணுச்சு" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். லேமூ அப்போதுதான் அழுதாள். அவர் அவளுடைய வயிற்றைத் தொடவில்லை, அந்தப் பக்கமாக விரலை மட்டும் நீட்டி, பதினொன்று என்றார்.

அம்மா